வாரியத்தில் கடற்கரைக்கு ஓர் இருக்கை: மேம்பாட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை மாற்றும் சட்டமுன்வடிவை வாசிக்கும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை மீன்வளத் துறைக் கணக்கில் ஏறத்தாழ 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் இத்தனை நீளம் இல்லை. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கே இறங்கிக்கொண்டு போனால், அரசு நிறுவனம் ஏதோ ஒன்றின் முடிவு வழியெங்கும் கண்ணில் படும். வாலிநோக்கத்து உப்பளம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்துடையது. பாம்பன் கால்வாயில் கப்பல்களை விடுவதும் நிறுத்துவதும் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் துறைமுக அலுவலகம். இம்முடிவுகள் எடுக்கப்படும் மேசையோ சென்னையில் இருக்கிறது. அந்த மேசையைச் சுற்றி யார் உட்காரலாம் என்பதை மாற்றும் சட்டமுன்வடிவு ஒன்று வரும்போது, மீனவர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் ஊராட்சித் தலைவர்களும் அதை எப்படி வாசிப்பது, எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

வாரியத்தில் எத்தனை பேர், தலைவர் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது நம் பழக்கம். நாளிதழ்களும் அந்த அளவிலேயே எழுதுகின்றன. ஆனால் ஓர் இருக்கையின் மதிப்பு, அதை யார் நிரப்புகிறார், யார் காலி செய்ய முடியும், அது காலியாகக் கிடந்தாலும் வாரியம் தன் வேலையைத் தொடரலாமா என்ற மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

முதலில் பிறப்புச் சான்றிதழ்

நிறுவனம் எப்படிப் பிறந்தது என்பதை உறுதி செய்துகொள்ளாமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம். பெருந்தொழில்களை வளர்க்க 1965-இல் தொடங்கப்பட்ட டிட்கோ, தொழிற்பேட்டைகளை அமைக்க 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட், 1974-இல் தொடங்கப்பட்ட உப்பு நிறுவனம், அதே ஆண்டின் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் ஆகியவை கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட அரசு கம்பெனிகள். செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அரசிடம் இருந்தால் அது அரசு கம்பெனி. இத்தகைய நிறுவனத்தின் இயக்குநர் குழுவை மாற்ற, பொதுவாகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. கம்பெனியின் நடைமுறை விதிகளைச் சிறப்புத் தீர்மானத்தால் திருத்தினாலோ, இயக்குநர்களை நியமித்து ஓர் அரசாணை பிறப்பித்தாலோ போதும். பங்குதாரரும் அரசு, இயக்குநரை அனுப்புவதும் அரசு என்பதால், இம்மாற்றம் பெரும்பாலும் ஓசையின்றி முடிந்துவிடும்.

தமிழ்நாடு கடல்சார் வாரியம் வேறு வகை. 1995-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு 1997-இல் அமைக்கப்பட்ட அது, அதற்கு முன் அரசுத் துறையாக இருந்த துறைமுகத் துறையின் இடத்துக்கு வந்தது. இத்தகைய சட்டமுறை வாரியத்தின் அமைப்பை மாற்ற, மூலச் சட்டத்தைத் திருத்தும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்துக்கு வந்தாக வேண்டும். நம் சங்கங்கள் பல, கம்பெனியாக உள்ள நிறுவனத்தைப் பற்றிச் சட்டமன்ற உறுப்பினரிடம் திருத்தம் கேட்டும், சட்டமுறை வாரியத்தைப் பற்றி மேலாண்மை இயக்குநரிடம் மனுக் கொடுத்தும் மாதக்கணக்கில் அலைந்திருக்கின்றன. கதவு மாறினால் பதில் வராது. கம்பெனி என்றால் அதன் நடைமுறை விதிகளைக் கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். சட்டமுறை வாரியம் என்றால் மூலச் சட்டத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

சில வேளைகளில் கம்பெனியாக இருந்த ஒன்றைச் சட்டமுறை வாரியமாக்கவோ, பல நிறுவனங்களை ஒரே வாரியத்தின் கீழ் இணைக்கவோ சட்டமுன்வடிவு வரலாம். அப்போது பழைய கம்பெனியின் நிலம், கடன், பணியாளர், நிலுவை வழக்கு ஆகியவை யாரிடம் போகின்றன என்னும் மாற்றேற்புப் பிரிவை வாரியப் பிரிவுக்கு இணையான கவனத்துடன் வாசிக்க வேண்டும். உப்பளத் தொழிலாளரின் பணிமூப்பு அங்கேதான் காக்கப்படும், அல்லது காணாமற்போகும்.

பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

திருத்தச் சட்டமுன்வடிவைத் தனியாக வாசித்தால் ஒன்றும் புரியாது. புரியாதது வாசகரின் குறையும் அன்று. ‘பிரிவு 4-இல், (2) ஆம் உட்பிரிவில், “ஒன்பது” என்னும் சொல்லுக்கு மாற்றாக “பதினைந்து” என்னும் சொல் அமைக்கப்படும்’ என்ற பாணியிலேயே அது எழுதப்படும். ஆகவே மூலச் சட்டத்தின் அந்தப் பிரிவை அச்சிட்டு, திருத்தத்தைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதி, முழுப் பிரிவும் புதிதாக எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் படி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். இதைச் செய்யாமல் கூட்டம் கூட்டினால், சங்கத்தில் ஆளுக்கொரு சட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

சட்டமுன்வடிவுகள் தமிழ்நாடு அரசிதழின் நான்காம் பகுதியில் வெளியாகின்றன. சட்டமன்றத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். இறுதியில் இருக்கும் நோக்கக் காரண விளக்கவுரையை முதலில் வாசியுங்கள், ஆனால் அதை நம்பி நின்றுவிட வேண்டாம். ‘நிர்வாகத்தைச் செம்மைப்படுத்த’, ‘முதலீட்டை விரைவுபடுத்த’ என்ற சொற்கள் எந்தத் திருத்தத்துக்கும் பொருந்தும். விளக்கவுரை சொல்லும் காரணத்துக்கும் பிரிவுகள் செய்யும் வேலைக்கும் இடையே இடைவெளி இருந்தால், உங்கள் முதல் கேள்வி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தமிழ் வாசகத்தோடு ஆங்கில வாசகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலச் சட்டம் வேறு மொழியில் இயற்றப்பட்டாலும், ஆளுநரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதன் அதிகாரபூர்வ ஆங்கில வாசகம் என்று அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு கூறுகிறது. உயர் நீதிமன்றத்தில் எடுத்து வாசிக்கப்படுவது பெரும்பாலும் அதுவே.

ஒரு வாக்கியம், நான்கு ஓட்டைகள்

எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய ஒரு வாசகத்தைப் பாருங்கள்: ‘கடலோர மக்களின் நலன்களில் அனுபவம் உடையவர்கள் என அரசு கருதும், மூவருக்கு மிகாத நபர்களை அரசு வாரியத்தின் உறுப்பினர்களாக நியமிக்கலாம்.’ கேட்பதற்கு நமக்கு மூன்று இருக்கை கிடைத்ததுபோல் இருக்கிறது. நாட்டுப்படகு மீனவர் சங்கம் ஒன்றில் இதை உரக்க வாசித்தபோது கைத்தட்டல்கூட எழுந்தது.

இதில் ‘அனுபவம் உடையவர்’ என்பதற்கு மீனவராக இருக்க வேண்டிய தேவை இல்லை. கடலோர மாவட்டத்தில் இரண்டாண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்ற அலுவலருக்கும் அனுபவம் உண்டு. ‘அரசு கருதும்’ என்றால் அந்த அனுபவத்தை அளப்பதும் அரசே. ‘மூவருக்கு மிகாத’ என்பது உச்சவரம்பு மட்டுமே. ஒருவரையும் நியமிக்காமல் விட்டாலும் மூவருக்கு மிகவில்லை. ‘நியமிக்கலாம்’ என்பது விருப்பம். ‘நியமித்தல் வேண்டும்’ என்பதே கடமை. தமிழில் இந்த ‘கலாம்’, ‘வேண்டும்’ இரண்டும் வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்திருப்பதால், வேகமாக வாசிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். சட்டமுன்வடிவு முழுவதிலும் இவ்விரு முடிவுகளையும் இரு நிற மையால் அடிக்கோடிடுங்கள். யார் மேல் கடமை விழுகிறது, யார் கையில் விருப்பம் இருக்கிறது என்பது பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

மாற்று வாசகம் எழுதாமல் குறை மட்டும் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏறத்தாழ இப்படிக் கேட்கலாம்: ‘இராமநாதபுரம் மாவட்டத்தில் பதிவுபெற்ற மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் தம்முள் தெரிவு செய்யும் இருவரை, அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்கும் வகையில், அரசு உறுப்பினர்களாக நியமித்தல் வேண்டும், ஏற்படும் காலியிடம் தொண்ணூறு நாள்களுக்குள் நிரப்பப்படுதல் வேண்டும்.’

இதில் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கங்களின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர்களே அவற்றை நடத்துகிறார்கள். அப்போது ‘சங்கத் தலைவர்’ என்று மட்டும் சட்டத்தில் இருந்தால், அந்த இருக்கையும் ஓர் அரசு அலுவலரிடமே திரும்பிப் போய்ச் சேரும். தேர்தல் நடக்காத காலத்தில் யார் பிரதிநிதி என்பதையும் அதே பிரிவில் எழுதிவிட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் பாசி எடுக்கும் பெண்களில் எத்தனை பேர் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். படகு உரிமையாளர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் வாசகம் அவர்களை வெளியே நிறுத்திவிடும்.

எண்ணிக்கையை விடக் குறைவெண் முக்கியம்

வாரியத்தில் பன்னிரண்டு பேர் என்றும், அவர்களில் ஒன்பது பேர் துறைச் செயலாளர்கள் போன்ற பதவிவழி உறுப்பினர்கள், மூவர் கடற்கரைப் பிரதிநிதிகள் என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டம் நடத்தத் தேவையான குறைவெண் மூன்றில் ஒரு பங்கு என்றால் நால்வர் போதும். அந்த நால்வரும் அலுவலர்களாகவே இருக்கலாம். இதனுடன் ‘உறுப்பினர் இடம் எதுவும் காலியாக இருந்தது என்ற காரணத்தால் வாரியத்தின் எந்த நடவடிக்கையும் செல்லாததாகிவிடாது’ என்ற பிரிவும் சேர்ந்துவிடும். ஏறத்தாழ எல்லா வாரியச் சட்டங்களிலும் இது உண்டு, அதில் தவறும் இல்லை. ஆனால் ‘மிகாத’, ‘நியமிக்கலாம்’, குறைந்த குறைவெண், இந்தக் காலியிடப் பிரிவு ஆகிய நான்கும் ஒரே சட்டத்தில் கூடினால், கடற்கரையிலிருந்து ஒருவர்கூட இல்லாமல் வாரியம் ஆண்டுக்கணக்கில் சட்டப்படியே இயங்கலாம். நிலம், கடலோரக் குத்தகை, துறைமுகக் கட்டணம் பற்றிய தீர்மானங்களுக்கு மட்டுமாவது, அலுவலர் அல்லாத உறுப்பினர் ஒருவர் இருந்தால்தான் குறைவெண் நிறையும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பதவிவழி உறுப்பினர் வர இயலாதபோது தம் துறையிலிருந்து ஒருவரை அனுப்பிவிடுவார். மண்டபத்திலிருந்து போகும் உறுப்பினருக்கு அந்த வசதி இல்லை. இரவு ரயிலில் சென்னை போய், ஒரு மணி நேரக் கூட்டம் முடிந்து, மறு இரவு ரயிலில் திரும்ப, இரண்டு மூன்று நாள் தொழில் போகும். கம்பெனி இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு, ஆண்டுக்கு நான்கு கூட்டம், இரு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கூறுகிறது. காணொலி வழியே கலந்துகொள்ளவும் இடம் தருகிறது. சட்டமுறை வாரியத்துக்கு இப்பாதுகாப்புகள் தாமாக வந்துவிடா. அதன் சட்டத்திலோ விதிகளிலோ எழுதினால்தான் உண்டு. முன்னறிவிப்பு, காணொலி, பயணப்படி, தமிழில் கூட்டப்பொருள் ஆகிய நான்கையும் கேளுங்கள். சிறிய கோரிக்கைகள் என்பதால் இவை ஏற்கப்படும் வாய்ப்பும் அதிகம்.

நீக்கம், கட்டளை, கலைப்பு

‘அரசு விரும்பும் காலம் வரை பதவி வகிப்பார்’ என்று இருந்தால், அந்த உறுப்பினர் வாரியத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுமுன் இருமுறை யோசிப்பார். மூன்றாண்டுப் பதவிக்காலம், குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டும் நீக்கம், நீக்குமுன் விளக்கம் கேட்டல் என்று எழுதச் சொல்லுங்கள். ‘கொள்கை சார்ந்தவற்றில் அரசின் கட்டளைக்கு வாரியம் கட்டுப்படும், எது கொள்கை என்பதில் அரசின் முடிவே இறுதியானது’ என்னும் பிரிவை முழுவதும் நீக்கச் சொல்வது நடக்காது. பொதுப்பணத்தில் இயங்கும் வாரியத்துக்கு அரசு வழிகாட்டக் கூடாது என்பது சரியான வாதமும் அன்று. அக்கட்டளை எழுத்தில் இருக்க வேண்டும், ஆண்டறிக்கையில் அச்சிடப்பட வேண்டும் என்று கேட்பதே பயன் தரும். வாரியத்தைக் கலைக்கும் அதிகாரம் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் புதிய வாரியம் அமைய வேண்டும் என்ற கெடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டமன்ற உறுப்பினர்களை வாரியத்தில் சேர்க்கும் திருத்தமானால், அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்னும் அரசமைப்பின் 191-ஆம் உறுப்பு குறுக்கே வரும். அதற்கு விலக்கு அளிக்க 1967-ஆம் ஆண்டின் தகுதியின்மைத் தடுப்புச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சட்டமுன்வடிவின் கடைசிப் பிரிவு அதைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும்.

எந்த நாளிலிருந்து?

பலரும் வாசிக்காமல் விடுவது நடைமுறைக்கு வரும் நாளைப் பற்றிய முதல் பிரிவும், இடைக்கால ஏற்பாடு பற்றிய கடைசிப் பிரிவும்தான். இவை எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் நல்ல சான்று. அங்கே 2011-இல் வணிகத் துறையைக் கலைத்துவிட்டு, பொருளாதார மேம்பாட்டுக் கழகம் ஒன்றை உருவாக்கினார்கள்; தொடக்கத்தில் ஆளுநரே வாரியத்தின் தலைவர். நம் ஊர் ஆளுநரைப் போல் அல்லாமல், அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர் என்பதை நினைவில் கொள்க. 2018 நவம்பர் தேர்தலில் அன்றைய ஆளுநர் ஸ்காட் வாக்கர் தோற்று, டோனி எவர்ஸ் வென்றார். புதியவர் 2019 ஜனவரியில் பதவியேற்கும் முன்பே, டிசம்பரில், வாக்கரின் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கழகத்தின் தலைமைச் செயல் அலுவலரை நியமிக்கும் அதிகாரம் 2019 செப்டம்பர் 1 வரை ஆளுநரிடமிருந்து வாரியத்துக்கு மாறியது. வாரியத்தில் சட்டமன்றம் நியமிக்கும் இடங்களும் கூடின. தோற்றுப்போன ஆளுநரே அதில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தை இன்று எடுத்து வாசிப்பவருக்கு, அதில் வரும் தேதிகளை உடன் வைத்துப் பார்க்காமல் பொருள் விளங்காது.

ஆகவே, புதிய சட்டம் வந்தவுடன் இப்போதுள்ள உறுப்பினர்கள் அனைவரும் பதவி இழக்கிறார்களா, அல்லது பதவிக்காலம் முடியும் வரை தொடர்கிறார்களா என்று பாருங்கள். ‘அரசு அறிவிக்கையால் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள்கள் குறிக்கப்படலாம்’ என்றால், பழைய வாரியத்தைக் கலைக்கும் பிரிவு முதலிலும், உங்கள் பிரதிநிதித்துவப் பிரிவு நெடுநாள் கழித்தும் வரக்கூடும். இரண்டும் ஒரே நாளில் வர வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய நேரமும் இடமும்

தமிழ்நாட்டில் மேலவை 1986-இல் கலைக்கப்பட்டது. ஆகவே ஓர் அவையில் தப்பியது மற்றோர் அவையில் பிடிபடும் என்ற வாய்ப்பு இல்லை. கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் பல சட்டமுன்வடிவுகள் வரிசையாகக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதும் வழக்கம். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் இறுதி நாளில், விவாதமின்றி நிறைவேறியது. அச்சட்டத்தால் நீர்நிலைகள் பறிபோகும் என்ற எதிர்ப்புகள் அதன் பின்னரே வலுத்தன. அதே நாளில் நிறைவேறிய 12 மணி நேர வேலைக்கான தொழிற்சாலைகள் திருத்தமோ, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நிறைவேறிய பின்னும் வழி இருக்கிறது என்றாலும், மாநிலம் தழுவிய தொழிற்சங்கங்களுக்கு உள்ள குரல் ஒரு மாவட்டத்தின் சங்கங்களுக்கு எளிதில் வாய்க்காது. எனவே முன்கூட்டியே பேசுவதுதான் நமக்கு ஏற்ற வழி.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கும் மானியக் கோரிக்கைகள் மீதான கூட்டத்தொடர் பெரும்பாலும் இந்தக் காலத்தை ஒட்டியே வருவதால், விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருக்கும் நேரத்தில் வாசிப்புக் கூட்டத்தை நடத்திவிடலாம். அந்தக் கூட்டத்தில் வைப்பதற்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் திருத்தத்தின் வாசனை பெரும்பாலும் அதிலேயே அடிக்கும். மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர் ஆகிய மூன்று கடலைத் தொடுகின்றன. மூன்று உறுப்பினர்களுக்கும், அவர்கள் எந்தக் கட்சியாயினும், ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்: பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், கேட்கும் வாசகம், ஒரு வரியில் காரணம். அவையில் திருத்தம் கொடுக்க முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் நாளன்று காலையில் கொடுக்கும் கடிதம் பயன்படாது. சட்டமுன்வடிவைப் பிரிவு பிரிவாக ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அதை அனுப்பக் கோருவதும் ஒரு வழி. மாவட்ட ஆட்சியரின் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனுவைப் பதிவு செய்துகொள்வது சட்டத்தை மாற்றாது. ஆனால் இன்ன நாளில் சொன்னோம் என்பதற்கு எண்ணும் தேதியும் கிடைக்கும்.

சட்டமான பிறகு

சட்டம் வந்த பின் விதிகள் வரும், பல வேளைகளில் மாதங்கள் கழித்து. பிரதிநிதியைத் தெரிவு செய்யும் முறை, படி, கூட்ட நடைமுறை எல்லாம் அங்கேதான் இருக்கும் என்பதால், அரசிதழைத் தொடர்ந்து பார்க்க ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கம்பெனியானாலும் சட்டமுறை வாரியமானாலும் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். வாரியங்களின் உறுப்பினர் பட்டியலையும், கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் பார்வைக்குக் கிடைக்குமா என்பதையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் அச்சட்டம் 4-ஆம் பிரிவில் சொல்கிறது. வெளியிடாவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். கடந்த ஓராண்டில் நடந்த கூட்டங்களின் தேதி, ஒவ்வொன்றுக்கும் வந்தவர்களின் பதவி, காலியாக உள்ள இடங்கள், அவை காலியான நாள் என்று இந்த நான்கை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். சட்டம் ‘வேண்டும்’ என்று சொல்லியும் இருக்கை நிரப்பப்படாமல் கிடந்தால், அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம்.